நாலு விரற்கடை இடம்

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே மாணவர்களே ஒரு பத்திரிகை நடத்துகிறார்கள், அதில் கருத்துப் பக்கம் எழுதுவது எப்படி என்று ஒரு மணி நேரம் சொல்ல வேண்டுமாம். எனக்கு இருக்கும் தகுதி, 1999இல் அதே ஊரில் வேறொரு கல்லூரியில் படித்தபோது நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினோம் என்பது மட்டும்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்தப் பெருமையைப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததில் அது அவர்கள் காதுக்கும் எட்டிவிட்டது.

முன்கூட்டியே பன்னிரண்டு கட்டுரைகள் அனுப்பியிருந்தார்கள். செயற்கை நுண்ணறிவு வேலையைப் பறிக்குமா, இளைஞர்களும் அரசியலும், செல்பேசிக்கு அடிமையாவது, பருவநிலை மாற்றம், இப்படி. பிழை இல்லை, சந்தி கூட ஒழுங்காக இருந்தது. (ஒன்றிரண்டை செயற்கை நுண்ணறிவே எழுதியிருக்குமோ என்று தோன்றியது. கேட்கவில்லை.) ஆனால் பன்னிரண்டையும் படித்து முடித்தபோது, ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கோயம்புத்தூராக இருக்கலாம், கும்பகோணமாகவும் இருக்கலாம்.

பருவநிலைக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஆர்க்டிக் பனி உருகுவது இருந்தது, பாரிஸ் ஒப்பந்தம் இருந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் ஏறி வந்ததும், திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு மாட்டிக்கொண்டு நின்றதும், இதில் ஒரு வரி இல்லை. எழுதிய பையனிடம் பேச்சுக்கொடுத்தேன். ஏரல் பக்கமாம். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று, அவன் அம்மா இரண்டு நாள் மாடியில் இருந்திருக்கிறாள். “அத ஏன்ப்பா எழுதல?” என்றேன்.

“அது எங்க ஊரு விசயம்லா சார், கட்டுரைக்கு எப்படி?” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இதே வார்த்தையை இதே தொனியில் நானும் ஒருத்தனிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பத்திரிகையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த வயதில் வைக்கும் பெயர்தான், தீ, பொறி, கனல் வகையறா. மாதம் ஒன்று வரும். ஏ3 தாளை மடித்தால் நாலு பக்கம். எங்களில் ஒருவனுக்குக் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், அவன் கறுப்பு மையில் எழுதுவான், முருகன்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி நூறு பிரதி போட்டுத் தருவார், விலை இரண்டு ரூபாய். கடைசிப் பக்கத்தின் அடியில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று எழுதியாக வேண்டும். பத்திரிகைகளைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் ஒன்றை 1867இல் வெள்ளைக்காரன் போட்டிருந்தான் (அது மாறி வேறு சட்டம் வந்தது 2024 மார்ச்சில்தான்), இந்த இரண்டு வார்த்தையைப் போட்டுவிட்டால் ஒரு தொந்தரவும் வராது என்று ஒரு சிற்றிதழ்க்காரர் சொல்லிக் கொடுத்திருந்தார். எங்களைத் தொந்தரவு செய்யும் எண்ணம் அரசாங்கத்துக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்த இரண்டு வார்த்தையை எழுதும்போது, ஏதோ தலைமறைவாக இயங்குவது போல ஒரு கிளுகிளுப்பு.

கருத்துப் பக்கம் என் பொறுப்பு. மார்ச் இதழ் என்றால் 1908 எழுச்சிதான். வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் மார்ச் 12 அன்று கைது செய்தார்கள், மறுநாள் திருநெல்வேலி கொதித்தது, கடைகளை அடைத்தார்கள், மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள், நகராட்சி அலுவலகமும் தபால் ஆபீசும் தாக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். இதை வருடம் தவறாமல் ஒரு முழுப் பக்கம் எழுதுவோம். ‘இந்த மண்’ என்ற சொல் குறைந்தது ஆறு இடத்தில் வரும். அப்புறம் ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அதற்கும் ஒரு பக்கம் எழுதினேன், டெல்லியில் இருப்பவர்களுக்குப் புத்திமதியெல்லாம் சொல்லியிருந்தேன். தமிழ்த் துறையில் ஒரு சார் வராண்டாவில் நிறுத்தி, “நடை நல்லாருக்கு தம்பி” என்றார். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாஜ்பாயும் கடிதம் போடவில்லை.

ஜூனில் கல்லூரி திறந்தது, எனக்கு மூன்றாம் வருடம். ஆஸ்டலில் தண்ணீர்ப் பிரச்சினை. குளியலறையில் பதினெட்டுக் குழாய், தண்ணீர் வருவது ஐந்தில். ஒரு மைல் தள்ளி வற்றாத ஜீவநதி என்று பெயர் வாங்கிய ஆறு ஓடுகிறது, இங்கே காலை ஆறு மணிக்கு வாளியோடு வரிசை. மூன்று நாள் விடிகாலையில் எழுந்து கணக்கெடுத்தேன். எந்தக் குழாயில் வருகிறது, எப்போது நிற்கிறது, கடைசியில் நிற்பவனுக்கு எத்தனை வாளி கிடைக்கிறது. அதை அப்படியே எழுதினேன். அதில் பாரதி வரி இல்லை, ‘இந்த மண்’ இல்லை. இதழ் வெளிவந்த அன்று பதினோரு மணி வகுப்புக்குள் பியூன் வந்து என் பேரைச் சொன்னார்.

முதல்வர் மேசையில் இதழ் விரித்து வைக்கப்பட்டிருந்தது, என் கட்டுரையில் சிவப்பு மையால் அடிக்கோடு. “ஏம்ப்பா, ஊர் உலகத்துல எழுத ஒனக்கு வேற விசயமே கெடைக்கலியா? வாஜ்பாயப் பத்தி எழுதுன, நல்லாத்தான எழுதுன, அந்த மாதிரி எழுதிட்டுப் போவேன்” என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் தெரிந்தது அவர் குரலில், அதனால் நான் கூசிப்போய் நின்றேன். பெற்றோர் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். பெற்றோருக்குத் தெரியும் சார், லீவுக்குப் போனதும் முதல் வேலையாகக் குளிக்கத்தான் ஓடுகிறோம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. நாலு நாள் கழித்து பதினோரு குழாயில் தண்ணீர் வந்தது.

இந்தக் கதையைத்தான் நான் எல்லா இடத்திலும் சொல்வேன். அன்றைக்குப் பிள்ளைகளிடமும் இதைத்தான் சொன்னேன், நன்றாகச் சிரித்தார்கள், பதினோரு குழாய் என்றதும் கை தட்டினார்கள். இதற்கு அடுத்த மாதத்துக் கதையைச் சொல்லவில்லை.

1999 ஜூலை 23, வெள்ளிக்கிழமை. மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டுப் போராடி, அறுநூற்றுக்கு மேற்பட்டவர்கள் திருச்சி ஜெயிலில் இருந்தார்கள். அவர்களை விடச் சொல்லி ஜங்ஷன் பக்கமிருந்து ஊர்வலம் கிளம்பி, கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வந்தது. போலீஸ் தடுத்தது, தடியடி நடந்தது, கூட்டம் ஒதுங்க வழியில்லாமல் ஆற்றுக்குள் இறங்கியது, இறங்கியவர்களையும் விடவில்லை. பதினேழு பேர் செத்தார்கள். பெண்கள் உண்டு, ஒரு கைக்குழந்தை உண்டு. எங்கள் ஆஸ்டலிலிருந்து அந்த இடத்துக்கு நடந்தே போய்விடலாம். சாயங்காலம் வார்டன் கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டார். மெஸ்ஸில் எல்லோரும் எண்ணிக்கையைப் பற்றியே பேசினார்கள், மூன்று என்றார்கள், ஏழு என்றார்கள், மறுநாளும் அதற்கு மறுநாளும் ஆற்றிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள், ஆக ஆக எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

எங்கள் தளத்தில் முதல் வருடத்துப் பையன் ஒருவன் இருந்தான். சேர்ந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. எஸ்டேட்டில், நாலுமுக்கில் வீடு. மணிமுத்தாறு அணைக்கு மேலே ஏறி, மாஞ்சோலை தாண்டி, காக்காச்சி தாண்டிப் போக வேண்டும். வந்த புதிதில் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பொட்டலம் தேயிலைத் தூள் கொடுத்தான். அவன் அப்பா திருச்சி ஜெயிலில் இருந்தார் என்பது எங்களுக்கு அந்த வாரம்தான் தெரியும். சரியாகச் சொன்னால், அந்த வாரம்தான் கேட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் என் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. “அண்ணே, நம்ம பேப்பர்ல போடுவீயளா?” என்றான்.

நம்ம பேப்பர் என்றான். இதழ் அப்போது கிட்டத்தட்டத் தயார். கருத்துப் பக்கம் கார்கில் யுத்தம், நான் எழுதியது. டைகர் ஹில்லைப் பிடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது, கல்லூரியில் வகுப்பு வகுப்பாக உண்டியல் சுற்றி நிதி வசூலித்தோம், அதைப் பற்றியும் எழுதியிருந்தேன். திராஸ், படாலிக் என்று ஊர்ப் பெயர்களையெல்லாம் வரைபடம் பார்த்துத் தப்பில்லாமல் போட்டிருந்தேன். “இதழ் எழுதி முடிச்சாச்சேப்பா, இடமில்ல. அதுவும் போக இது ஊர்ப் பிரச்சினை, நம்ம கருத்துப் பக்கத்துக்கு எப்படி...” என்று இழுத்தேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

அன்று ராத்திரி நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து பேசாமல் இல்லை. ரெண்டு மணி நேரம் பேசினோம். முழு விவரம் தெரியாமல் எழுதக் கூடாது என்றான் ஒருவன். அது நியாயமான பேச்சு, ஆனால் கார்கிலில் எங்களுக்கு என்ன முழு விவரம் தெரிந்திருந்தது? இன்னொருவன் உண்மையான காரணத்தைச் சொன்னான்: சாதிப் பிரச்சினை ஆகிவிடும். அது பொய்ப் பயம் இல்லை. தொண்ணூறுகளில் இந்தப் பக்கம் படித்தவர்களுக்குத் தெரியும். போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு பெயர் வைத்ததில் கலவரமாகி, 1997இல் எல்லாத் தலைவர்களின் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் பஸ்களிலிருந்தும் எடுத்தார்கள். கட்டபொம்மன் மாவட்டம் மறுபடி திருநெல்வேலி மாவட்டம் ஆனது அப்படித்தான். பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதிய பெயரையே அழிக்க வேண்டியிருந்த ஊரில், நாங்கள் கையால் எழுதின நூறு தாள் என்ன பாடு படும் என்று யோசித்தோம். ஆஸ்டலை மூடிவிடுவார்கள் என்றோம். முதல்வர் ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டார் என்றேன் நான்.

இத்தனை காரணம் சொன்ன ஐந்து பேரில், மலைமேல் லைன் வீட்டிலிருந்து வந்தவன் ஒருவன் கூட இல்லை. ஆற்றுக்குள் ஓடிய சனங்களின் தெருவிலிருந்து வந்தவனும் இல்லை. இதை அன்றைக்கு நாங்கள் கவனிக்கவே இல்லை என்று சொல்ல ஆசை. கவனித்தோம் என்றுதான் நினைக்கிறேன். சேரன்மகாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதையும், அதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் நின்றதையும் பற்றி முந்தின வருடம் மூன்று பத்தி எழுதினவன் எங்களில் இருந்தான். நல்ல கட்டுரை. எங்கள் மெஸ்ஸில் எந்த மேசையில் யார் உட்காருகிறார்கள் என்று அதில் இல்லை. குருகுலம் 1925. மெஸ் அன்றைக்கு ராத்திரி எட்டு மணி.

அந்த வாரம் இதழ் வந்தது. கார்கில் சண்டையும் அந்தத் திங்கட்கிழமையே முடிந்திருந்தது, ஆக என் கட்டுரை வெளிவரும்போதே பழசு. முதல் வருடத்துப் பையன் இரண்டு ரூபாய் கொடுத்து வாங்கினான். இலவசமாக வைத்துக்கொள் என்றேன், கேட்கவில்லை. அங்கேயே நின்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தான், படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “நல்லாருக்குண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனான். குத்திக் காட்டத்தான் சொன்னானா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். இல்லை. மரியாதைக்குச் சொன்னான்.

நாலு பேர் செத்த 1908க்கு வருடா வருடம் ஒரு முழுப் பக்கம் கொடுத்தவர்கள் நாங்கள்.

அந்தப் பையன் டிகிரி முடித்தான், அது தெரியும். பிறகு தொடர்பு இல்லை. அந்த எஸ்டேட் நிலத்துக்கு சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் கம்பெனிக்குக் கொடுத்த 99 வருடக் குத்தகை 2028இல் முடிகிறது, 2024இல் தொழிலாளிகளை வேலையை முடித்துக்கொண்டு கீழே இறங்கச் சொன்னபோது செய்தியில் முகங்களைத் தேடிப் பார்த்தேன். அவன் அப்பா வயதில் நிறையப் பேர் இருந்தார்கள், அவனைக் காணோம்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். குழாய்க் கதை முடிந்து கை தட்டல் அடங்கியதும் ஒரு கேள்வி கேட்டேன். பஸ்ஸில் வரும்போது கையில் கட்டியிருக்கிற கயிற்றின் நிறத்தைப் பார்த்து யார் எந்த ஆள் என்று கண்டுபிடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறதா, அதைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறீர்களா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டியது இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டு, 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் கயிறு வரை பேசியிருக்கிறார். அரங்கில் ஒரு சத்தம் இல்லை. பின்வரிசையில் ஒருவன் முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டான். முன்வரிசையில் இருந்த பொறுப்பாசிரியர் எழுந்து, நேரமாகிறது என்பதை மிகவும் பண்பாக நினைவூட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் சொன்ன அந்த நேரமாகிறதும், நாங்கள் சொன்ன இடமில்லையும் ஒன்றுதானே.

பன்னிரண்டில் ஒன்றைத் தவிர என்று சொன்னேனே, அதை எழுதியவள் இரண்டாம் வருடம் இயற்பியல் படிக்கிற பெண், ஆலங்குளம் பக்கம். கல்லூரி நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கிறது, பெண்கள் விடுதிக் கதவு ஆறு மணிக்குப் பூட்டப்படுகிறது, இரண்டுக்கும் ஒரே கட்டணத்தில்தான் பணம் வாங்குகிறார்கள். அவ்வளவுதான் கட்டுரை, ஒன்றரைப் பக்கம். மாலை ஆறு முதல் எட்டு வரை நூலகத்துக்குள் எத்தனை பெண்கள் என்று ஐந்து நாள் கணக்கெடுத்திருந்தாள். ஐந்து நாளும் சேர்த்து பூஜ்யம். அதற்குப் பக்கத்தில் ஆண்களின் எண்ணிக்கை. கடைசியில் ஒரு பத்தி, அரசாங்கம் ஊருக்குப் போக இலவச பஸ் விட்டிருக்கிறது, மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை தருகிறது, இந்த நூறடி தூரம்தான் பாக்கி என்று.

இந்தக் கட்டுரை போகாது என்று நினைக்கிறாள். சார் சொன்னாராம், தொனியைக் கொஞ்சம் மாற்று என்று. நான் தெரிந்த மட்டும் சொன்னேன். தொனியில் மாற்ற ஒன்றுமில்லை, எண்ணைத் தொடாதே. முடிந்தால் எட்டு மணி வரை நூலகத்தில் விளக்கெரிய என்ன செலவு என்று கேட்டு எழுது. கல்லூரி அரசு உதவி பெறுவதாக இருந்தால், பத்து ரூபாயும் ஒரு தாளும் போதும், 2005ஆம் வருடத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் முப்பது நாளில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், எங்கள் காலத்தில் இந்த வசதி இல்லை. மாணவர் பேரவைத் தேர்தல் என்று ஒன்று நடக்கிறதா என்று கேட்டேன். சேர்மனை சார்மார்தான் போடுகிறார்கள் என்றாள். எங்கள் காலத்திலும் அப்படித்தான். அந்த ஜூலையில் சார்மார் ஒரு பையனைச் சேர்மனாகப் போட்டார்கள், செப்டம்பரில் அதே நாங்கள் மக்களவைத் தேர்தலுக்கு ஓட்டுப் போடப் போனோம். 2006இல் லிங்டோ குழு சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிறகு, கல்லூரித் தேர்தலில் வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான் ஒட்டலாம் என்பது வரைக்கும் விதி இருக்கிறது. விதிக்குக் குறைவில்லை, தேர்தல்தான் காணோம். இதையும் எழுதலாமா சார் என்று கேட்டாள். முதலில் கதவை எழுதி முடி என்றேன்.

கிளம்பும்போது ஏரல் பையன் வாசல் வரை வந்தான். உங்கள் பழைய இதழ் ஒன்று இருந்தால் கொடுங்கள், எங்கள் அறிவிப்புப் பலகையில் வைக்கிறோம் என்றான். குழாய் இதழைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, அன்று ராத்திரியே பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். பெட்டிக்குள் அந்துருண்டை வாசனை, அரியர் பேப்பரின் ஹால் டிக்கெட், யாரோ திருப்பித் தராத ஒரு கால்குலேட்டர். குழாய் இதழ் இல்லை. எத்தனையோ பேருக்குக் காட்டிக் காட்டி எங்கேயோ விட்டுவிட்டேன் போல. ஜூலை இதழ் மட்டும் இரண்டு பிரதி, மடிப்புக் கலையாமல் இருந்தது.

வெகு காலத்துக்குப் பிறகு விரித்துப் பார்த்தேன். முதல் பக்கம், கார்கில் பக்கம், கவிதைப் பக்கம். கடைசிப் பக்கத்தின் அடியில், ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்பதற்கு மேலே, விஷயம் பற்றாமல் நாலு விரற்கடை இடம் மிச்சமாகியிருக்கிறது. வெறுமையாக விட்டால் நன்றாக இருக்காதே என்று அதில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு பூங்கொடி வரைந்து, இலைக்கு நடுவே நரம்பு கூட நுணுக்கமாகப் போட்டிருக்கிறது. எழுத்து மட்டும்தான் அந்த முத்து எழுத்துக்காரனுடையது. படம் வரைவது எப்போதும் நான்.